பொருள்: கலைச்சொல் – ராம் இண்டக்‌ஷன் (கிரைஸ்லர் 300எஃப்)

வணக்கம்.
வால்துடுப்புக் காலத்து அமெரிக்கக் கார்கள் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும். 1955இல் வந்த கிரைஸ்லர் சி-300இல் 5.4 லிட்டர் ஹெமி (அரைக்கோள எரியறை) எஞ்சின், நான்கு துளைக் கார்புரேட்டர் இரண்டு, 300 குதிரைத்திறன்; வண்டியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1957இன் 300சி 6.4 லிட்டரில் 375 தந்தது. 1960இன் 300எஃப்பில் 6.8 லிட்டர் வெட்ஜ் (ஆப்பு வடிவ எரியறை) எஞ்சின். திறன் அதே 375. ஆனால் நிமிடத்துக்கு 2800 சுற்றிலேயே 495 பவுண்டு-அடி முறுக்குவிசை. அதற்குக் காரணமான ராம் இண்டக்‌ஷனைத் "திணிப்பு உள்ளிழுப்பு" எனலாமா?

————

> "திணிப்பு உள்ளிழுப்பு" எனலாமா?

வேண்டாம் ஐயா. திணிக்க ஊதுகருவி வேண்டும், அது மிகையூட்டி (சூப்பர்சார்ஜர்). இங்கே அசையும் பாகமே கிடையாது, குழாயின் நீளம்தான் வேலை செய்கிறது. பிஸ்டன் இறங்கும்போது பிறக்கும் உறிஞ்சல் அலை ஒலிவேகத்தில் குழாயில் ஓடி, கார்புரேட்டர்ப் பக்கத் திறந்த முனையில் அழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. 30 அங்குலக் குழாயில் போய்வர ஏறக்குறைய 4.5 மில்லிநொடி. 2800 சுற்றில் அதற்குள் கிராங்க் 75 பாகை திரும்பிவிடும். உள்வால்வு மூடுமுன் அந்த அலை வந்து கடைசி மடக்குக் கலவையை உள்ளே தள்ளுகிறது. ஆகவே "அலையூட்டம்" என்பதே பொருந்தும்.

————

அலையூட்டம் நன்று. மிகையூட்டத்தோடு ஒரே குடும்பமாகவும் நிற்கிறது. வண்டியின் ஓட்டத்தால் முன்வாய் வழியே காற்று புகுவதற்கும் ஆங்கிலத்தில் ராம் என்றே பெயர். அதை "எதிர்காற்றூட்டம்" எனப் பிரித்துவிடுவோம்.

"நீள் அலையூட்டம்", "குறு அலையூட்டம்" இரண்டும் வேண்டும். சுற்று ஏற ஏற, நீளக் குழாயின் அலை பிந்திவிடும், எஞ்சின் மூச்சு முட்டும். அதனால்தான் 300எஃப்பின் 400 குதிரைத்திறன் வகையில், குழாய்களை உள்ளே பிரிக்கும் தடுப்புச் சுவர்களைக் குறைத்துப் பயன்நீளத்தை 15 அங்குலமாக்கினார்கள். வெளித்தோற்றம் ஒன்றே என்பதால், பழைய வண்டி வாங்குபவர் சுவர் எங்கே முடிகிறது என்று உள்ளே பார்க்காமல் எது என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று, குழாய்கள் எஞ்சினுக்கு மேலே குறுக்காகப் போகின்றன. இடக் கார்புரேட்டர் வலப்பக்க நான்கு சிலிண்டர்களுக்கு ஊட்டும், வலக் கார்புரேட்டர் இடப்பக்க நான்குக்கு. வலப்பக்க ஸ்பார்க் பிளக்குகள் வெளுத்திருந்தால் (கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள்) இடக் கார்புரேட்டரையும் அதன் குழாய் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் உண்டு. இந்த அமைப்புக்குக் "குறுக்கு அலையூட்டம்" என்பேன்.

————

மூன்றையும் பட்டியலில் ஏற்றலாம். நீளக் குழாய் குளிரில் பெட்ரோலைச் சுவரில் படியவிடும். அதைத் தவிர்க்கவே கார்புரேட்டர் அடியில் புகைபோக்கிச் சூட்டைக் கொண்டுவருகிறார்கள். அந்த வழியில் கரி அடைத்தால், குளிர்ந்த எஞ்சின் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திக்கும். அதற்குச் "சூட்டுவழி" போதுமா, வேறு சொல் உண்டா?