இல்லினாய் காஸ்மெட்டாலஜி உரிமம்: 14 மணி நேரத் தொடர் கல்வியை எங்கே, எப்படி முடிப்பது?

செவ்வந்தி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் காஸ்மெட்டாலஜி (அழகுக்கலை) உரிமம் பெற்று ஒரு சலூனில் பணிபுரிகிறேன். உரிமம் பெற்றபின் வந்த முதல் புதுப்பித்தலின்போது தொடர் கல்வி எதுவும் கேட்கவில்லை. கட்டணம் செலுத்தியதும் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டாம் முறை புதுப்பிக்க வேண்டிய செப்டம்பர் 30 நெருங்குகிறது. இந்த முறை 14 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள்.

தலைமுடிச் சாயம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று நடத்திய இரண்டு நாள் வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறேன். அது கணக்கில் சேருமா? 14 மணி நேரத்தையும் ஒரே மாலையில் முடித்துத் தருவதாக ஒரு இணையதளம் விளம்பரம் செய்கிறது. அதை நம்பிப் பணம் கட்டலாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. கணவரின் வேலை காரணமாக அடுத்த ஆண்டு டெக்சாஸுக்குக் குடிபெயர்கிறோம். எப்படியும் போகப்போகிறோம் என்பதால் இங்குள்ள உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாமா? டெக்சாஸில் இருக்கும் என் தங்கை புருவ திரெடிங் மட்டும் செய்கிறாள். அவளுக்கும் இந்த விதி பொருந்துமா என்று கேட்கச் சொன்னாள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மருதன்:

வணக்கம் செவ்வந்தி. நான் இதே மாநிலத்தில் அழகுக்கலைப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். ஆசிரியர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 24 மணி நேரம் என்பதால் இந்த விதிகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம்.

உடன் பணிபுரிபவர்கள் சொன்னது சரிதான். இல்லினாயில் காஸ்மெட்டாலஜி உரிமம் ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 14 மணி நேரம் முடிக்க வேண்டும். சருமப் பராமரிப்பு செய்யும் எஸ்தெடிஷியன்களுக்கும் நகப் பராமரிப்பு உரிமம் உள்ளவர்களுக்கும் 10 மணி நேரம். முதல் புதுப்பித்தலுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் சென்ற முறை உங்களை யாரும் கேட்கவில்லை.

சாய நிறுவனத்தின் வகுப்பு எவ்வளவு தரமாக இருந்தாலும், அதை நடத்தியவர் உரிமம் வழங்கும் மாநிலத் துறையில் தொடர் கல்வி வழங்குநராகப் பதிவு பெற்றிருந்தால்தான் அந்த மணி நேரம் கணக்கில் வரும். சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வழங்குநரின் பெயரும் பதிவு எண்ணும், உங்கள் பெயர், பாடத்தின் தலைப்பு, நடந்த தேதி, எத்தனை மணி நேரம் என்ற கணக்கு ஆகிய எல்லாமும் அதில் இருக்க வேண்டும். ‘வெற்றிகரமாகப் பங்கேற்றார்’ என்று அழகான எழுத்தில் அச்சிட்டு, மணி நேரமும் பதிவு எண்ணும் இல்லாமல் கொடுத்திருந்தால், அதைச் சலூன் சுவரில் மாட்டி வைக்கலாமே தவிர துறையிடம் காட்டிப் பயனில்லை. பதிவு எண் இருந்தால் துறையின் இணையதளத்தில் அதைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இணையதளத்துக்கும் இதே சோதனைதான்; பணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆனால் 14 மணி நேரத்தை ஒரே மாலையில் முடித்துத் தருவதாகச் சொல்பவர், அந்த நேரம் முழுவதும் உங்களுக்குப் பாடம் நடத்தப்போவதில்லை என்பதைத் தாமே அறிவிக்கிறார். அத்தகைய இடத்தில் நான் ஒரு டாலரும் கட்டமாட்டேன்.

புதுப்பிக்கும்போது சான்றிதழ்களை அனுப்பச் சொல்வதில்லை. ‘விதித்த மணி நேரத்தை முடித்துவிட்டேன்’ என்று நீங்களே உறுதிமொழி தருகிறீர்கள். பின்னர் தணிக்கைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தால் அப்போது ஆதாரம் கேட்பார்கள். எனவே, முடிக்காமல் முடித்ததாகக் குறிப்பது ஏதோ ஒரு பெட்டியில் டிக் அடிப்பதோடு போய்விடாது. அரசுத் துறையிடம் பொய் வாக்குமூலம் தந்ததாக ஆகிவிடும்.

அந்த 14 மணி நேரத்துக்குள்ளேயே, பாலியல் தொல்லைத் தடுப்பு குறித்த ஒரு மணி நேரமும், குடும்ப வன்முறை மற்றும் பாலியல் வன்கொடுமை குறித்த விழிப்புணர்வுப் பயிற்சி ஒரு மணி நேரமும் அடங்கும். இரண்டாவது விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததைத் தலைவாரிவிடும் பெண்ணிடம் சொல்லிவிடும் வாடிக்கையாளர்கள் உண்டு; உச்சந்தலையில் முடி பிடுங்கப்பட்ட இடத்தையும், காதுக்குப் பின்னால் இருக்கும் காயத்தையும் முதலில் பார்ப்பவர்களும் நாம்தான். காவல்துறையிடம் புகார் செய்யும் கடமையை அந்தச் சட்டம் நம்மீது சுமத்தவில்லை. அடையாளம் காணவும், உதவி எங்கே கிடைக்கும் என்று பக்குவமாகச் சொல்லவும் மட்டுமே பயிற்சி தருகிறது. என் மாணவிகளிடம் இந்த ஒரு மணி நேரத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள் என்று எப்போதும் சொல்வேன்.

நெய்தல்:

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். தயவுசெய்து இல்லினாய் உரிமத்தைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். வேறு மாநில உரிமத்தின் அடிப்படையில் இங்கு விண்ணப்பிக்கும்போது, அந்த உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது உயிரோடு இருந்தால் வேலை கடிதப் போக்குவரத்தோடு முடியும். இல்லாவிட்டால் காலாவதியானதைச் சரிசெய்வதற்கே தனியாக அலைய வேண்டியிருக்கும்.

மத்திய அரசு தரும் உரிமம் என்று இந்தத் தொழிலில் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. டெக்சாஸ் உரிமம் கைக்கு வந்தபின், அதைப் புதுப்பிக்கும்போது இங்குள்ள விதிப்படி இரண்டு ஆண்டுகளுக்கு 4 மணி நேரம் முடித்தால் போதும். இல்லினாயில் படித்த 14 மணி நேரத்தை இங்கு வரவு வைக்கலாம் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம்.

உங்கள் தங்கைக்கு நல்ல செய்தி. முன்பு இந்த மாநிலத்தில் நூலைக் கொண்டு புருவம் திருத்துவதற்கும் 750 மணி நேரப் பயிற்சியோடு உரிமம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அதை எதிர்த்துத் திரெடிங் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், அந்தக் கட்டாயம் மாநில அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. திரெடிங் மட்டும் செய்பவருக்கு உரிமமே தேவையில்லை என்னும்போது, உரிமத்தைப் புதுப்பிப்பதற்கான தொடர் கல்வியும் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மெழுகு கொண்டு முடி அகற்றுவதையோ ஃபேஷியலையோ சேர்த்துச் செய்ய ஆரம்பித்தால் உரிமம் வேண்டும். அந்த எல்லையை அவர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தும்பை:

எல்லோரும் பொறுமையாக விளக்குகிறீர்கள். ஆனால் இந்தக் கட்டாயத்தால் உண்மையில் யாருக்கு நன்மை என்பதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நான் இருக்கும் ஃபுளோரிடாவில் 16 மணி நேரமாக இருந்ததை 2020-இல் சட்டம் இயற்றி 10 ஆகக் குறைத்தார்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் காஸ்மெட்டாலஜி உரிமத்துக்குத் தொடர் கல்வியே கிடையாது. அங்கெல்லாம் வாடிக்கையாளர்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்களா? நாற்காலி வாடகை கொடுத்துத் தொழில் செய்யும் ஒருவர், வகுப்புக் கட்டணத்தோடு அன்றைய வருமானத்தையும் இழக்கிறார் என்பதை விதி எழுதுபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

குறிஞ்சி:

தும்பை அவர்களின் வருத்தம் நியாயமானது. நான் கலிஃபோர்னியாவில் நகப் பராமரிப்புத் தொழில் செய்கிறேன். இங்கு எந்தக் கட்டாயமும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் சில மணி நேரம் ஒதுக்கிக் கிருமி நீக்கம் பற்றியும் இரசாயனங்கள் பற்றியும் படிக்கிறேன். அதற்கான காரணம் இந்த மாநிலத்திலேயே நடந்தது.

2000-ஆம் ஆண்டில் வாட்சன்வில் நகரத்தில் ஒரே சலூனில் பெடிக்யூர் செய்துகொண்ட 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே சீழ்க்கட்டிகள் வந்தன. சிலருக்கு ஆற மாதக்கணக்கில் ஆயிற்று, தழும்பும் நின்றுவிட்டது. மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம் என்ற, குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கும் கிருமிதான் காரணம். சலூனில் கால்களை ஊறவைக்கும் 10 சுழல்நீர்த் தொட்டிகளையும் சோதித்தார்கள். தண்ணீரை உள்ளிழுக்கும் துளையை மூடியிருக்கும் வலைத்தட்டைக் கழற்றியபோது, அதன் பின்னால் முடியும் தோல் துகள்களும் அடையாகப் படிந்திருந்தன. பத்துத் தொட்டிகளிலும் அந்தக் கிருமி இருந்தது. பெடிக்யூருக்கு முன் வீட்டில் கால் முடியை மழித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்ததையும் கண்டுபிடித்தார்கள்.

அந்த வலைத்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. வெளியே பார்த்தால் தொட்டி பளபளவென்றுதான் இருந்திருக்கும். இன்று இந்த மாநில விதிகள், ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னும் தண்ணீரை வடித்து, உட்புறத்தைச் சோப்பு நீரால் தேய்த்து அலசி, கிருமிநாசினி கலந்த நீரை 10 நிமிடம் ஓடவிட வேண்டும் என்றும், சுத்தம் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பள்ளியில் 1990-களில் படித்து உரிமம் வாங்கிய ஒருவருக்கு, பிறகு வந்த இந்தச் செய்தியை யார் சொல்வது? தொடர் கல்வி என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

முடியை நேராக்கும் சிகிச்சைகளிலும் இதே நிலைதான். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று லேபிள் சொல்லும். உள்ளே மெத்திலீன் கிளைக்கால் இருக்கும். முடியை நேராக்கும் சூடான கருவியை வைத்து இழுத்ததும் உடலுக்குக் கேடான ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்படும். பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பு 2011-லேயே இதுபற்றி எச்சரித்தது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 0.75 பங்குக்கு மேல் அந்த வாயு காற்றில் இருக்கக் கூடாது என்பது அவர்களின் வரம்பு. வாடிக்கையாளர் எப்போதோ ஒரு முறை சுவாசிக்கிறார். நாம் நாள் முழுவதும் அதே காற்றில் நிற்கிறோம்.

எனவே செவ்வந்தி, மீதமுள்ள மணி நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்றால், புதிய வெட்டு முறை, புதிய நிறம் ஆகியவற்றுக்கு முன்னால் கிருமி நீக்கத்தையும் இரசாயனப் பாதுகாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்களை எப்படியும் கற்றுக்கொள்வீர்கள். சாய நிறுவனங்களே தேடி வந்து சொல்லித்தரும். வலைத்தட்டைக் கழற்றிப் பார் என்று சொல்ல எந்த நிறுவனமும் வராது.

செவ்வந்தி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சான்றிதழைப் பார்த்தேன், பதிவு எண்ணும் இருக்கிறது, 8 மணி நேரம் என்றும் போட்டிருக்கிறார்கள். துறையின் இணையதளத்தில் தேடியபோது அந்த வழங்குநரின் பெயரும் வந்தது. ஒரே ஒரு சந்தேகம்: சான்றிதழில் திருமணத்துக்குப் பின் வந்த பெயர் இருக்கிறது, உரிமத்தில் பழைய பெயர்தான் இருக்கிறது.

மருதன்:

நல்லது, அப்படியானால் கட்டாயப் பாடங்கள் இரண்டையும் சேர்த்து இன்னும் 6 மணி நேரம்தான் பாக்கி. பெயர் விஷயத்தை இப்போதே சரிசெய்துவிடுங்கள். திருமணச் சான்றிதழின் நகலை இணைத்து உரிமத்தில் பெயரை மாற்ற விண்ணப்பியுங்கள். அதோடு அந்த வழங்குநருக்கும் எழுதி, உங்கள் உரிம எண்ணைக் குறிப்பிட்டுச் சான்றிதழை மீண்டும் தரச் சொல்லுங்கள். டெக்சாஸில் விண்ணப்பிக்கும்போதும் பெயர்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதால், இதைக் குடிபெயர்வதற்கு முன்பே முடித்துக்கொள்வது உத்தமம். எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். சலூன் மேலாளரின் கோப்பில் மட்டும் வைத்துவிட்டு வேலை மாறிப் போனவர்கள், தணிக்கைக் கடிதம் வந்தபோது மிகவும் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.