டெல்டாவில் கூடாரம் அடித்துத் தங்க இடம் பார்த்தவர்களின் அனுபவங்கள்

உறையூரிலிருந்து:

திருச்சியில் இருக்கும் எங்கள் இரண்டு குடும்பங்களும் சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிறு மாலை வீடு திரும்பும்படி கிராமப்புறங்களில் கூடாரம் அடித்துத் தங்குவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். கூடாரம் என்றதுமே நண்பர்கள் பச்சைமலையையும் புளியஞ்சோலையையும் கொல்லிமலையையும்தான் நினைக்கிறார்கள். கிழக்கே கல்லணையைத் தாண்டினால் கடல் வரைக்கும் வயலும் வாய்க்காலும்தானே, அங்கே போய் எங்கே தங்குவது என்று கேட்கிறார்கள். தங்கலாம், மிக நன்றாகவே தங்கலாம். ஆனால் நிழலையும் காட்சியையும் மட்டும் பார்த்து டெல்டாவில் மூட்டையை இறக்கக் கூடாது. அந்த நிலத்துக்கு எந்த ஆற்றிலிருந்து எந்த மாதத்தில் தண்ணீர் வருகிறது, வந்தால் எது வரை ஏறும், இப்போது அதில் யாருடைய வெள்ளாமை நிற்கிறது என்பவற்றை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இறக்க வேண்டும்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகும். அணையின் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்னே பின்னே போவதும் உண்டு. 2022இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே போன வருடம் இதே வாரத்தில் ஆறு காய்ந்து கிடந்ததே என்ற நினைவை வைத்துக்கொண்டு யாரும் இடத்தை முடிவு செய்ய வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பாசனத்துக்குப் பிரித்து விட்டது போக மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்குகிறது. வருடத்தில் பெரும் பகுதி வெண்மணலாகக் கிடக்கும் ஆறு அது. அகலமும் நிலவொளியும் காற்றும் யாரையும் அங்கே படுக்கச் சொல்லும்.

ஓர் ஆடி மாதக் கடைசியில் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு தோப்பில், உடையவரிடம் கேட்டுக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்தோம். கல்லூரி மாணவர்கள் போலத் தெரிந்த சிலர் எங்களுக்கு எதிரே ஆற்று மணலின் நடுவில் மூன்று கூடாரங்களை அடித்திருந்தார்கள். சுமார் பத்து மணிக்குக் கிராம உதவியாளர் டார்ச் விளக்கோடு கரையில் இறங்கி, மேட்டூரில் திறப்பைக் கூட்டியிருக்கிறார்கள், பகலிலேயே ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று, உடனே மேலே ஏறுங்கள் என்று அவர்களைக் கிளப்பினார். மணல் காய்ந்துதானே இருக்கிறது, காலையில் ஏறுகிறோமே என்று அவர்கள் கெஞ்சினார்கள். அவர் கோபிக்கவில்லை; ஒவ்வொரு முளையாகத் தாமே பிடுங்கிக் கொடுத்து, கடைசிப் பையன் கரையேறும் வரை அங்கேயே நின்றார். விடிந்தபோது அந்த மாணவர்கள் சோறு பொங்கிய கற்களுக்கு மேலே இடுப்பளவுக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மேலே மழை கிடையாது, இடி கிடையாது, வானத்தில் ஒரு மேகமும் கிடையாது. வெள்ளம் வருவதற்கான அறிகுறியை வானத்தில் தேடுகிறவருக்குக் கொள்ளிடத்தில் எதுவும் தெரியாது, ஏனென்றால் அந்த மழை கர்நாடகத்தில் பெய்தது.

என் அனுபவத்தில் முதல் இடத்தைத் திடலுக்குத்தான் கொடுப்பேன். நஞ்சையின் நடுவே கொஞ்சம் மேடாக, நான்கு மரங்களும் ஒரு மோட்டார் கொட்டகையும் களமும் இருக்கும் இடத்தைத்தான் இங்கே திடல் என்கிறார்கள். காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவின் களிமண் ஈரத்தில் சேறாகிவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து முளை இறங்காது. வெடிப்புகளுக்குள் நண்டும் பாம்பும் இருக்கும். திடலில் மண் அடித்து உயர்த்தியிருப்பதால் இந்தத் தொல்லைகள் குறைவு. ஐப்பசி கார்த்திகையில் போயே ஆக வேண்டும் என்றால் திடலையும் விட்டுவிட்டு வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போவதே நல்லது. அங்கே பெய்த மழை சீக்கிரம் வடிந்துவிடும்.

திருவையாற்றிலிருந்து:

மேலே எழுதிய தம்பி கேட்டுக்கொண்டு தங்கியதாகச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காவிரிப் படுகையில், அதாவது ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் நிலத்தில், எங்களுக்குத் தென்னையும் வாழையும், கரைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் எங்கள் தோப்பில் தங்க அனுமதி கேட்டு அவ்வப்போது குடும்பங்கள் வருகின்றன. காசு வாங்குவதில்லை, ஆனால் சிலவற்றைச் சொல்லித்தான் உள்ளே விடுகிறேன், அவற்றை இங்கேயும் எழுதுகிறேன்.

தை மாதம் சம்பா அறுத்த வயலைப் பார்த்தால் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வெறும் நெல் தாள் நிற்கும் காலி இடமாகத் தெரிகிறது. அது காலி இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அறுவடை முடியும்போது தாளுக்கு இடையில் இரண்டு இலையோடு அது முளைத்திருக்கும். உழவும் கிடையாது, தனியாகத் தண்ணீர் பாய்ச்சலும் கிடையாது; மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் இறங்கும் பனியையும் நம்பித்தான் அந்தப் பயிர் வருகிறது. ஒரு கூடாரத்தை விரித்து, நாலு பேர் இரண்டு நாள் நடமாடினால் அந்த இடத்தில் மண் இறுகிச் செடி செத்துவிடும். குனிந்து தாளை விலக்கிப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் நானே காட்டுகிறேன். பார்த்த பிறகு ஒருவரும் வயலில் இறங்கியதில்லை. குழந்தைகள்தான் அதிக அக்கறையோடு வரப்பிலேயே நடக்கிறார்கள்.

இரண்டாவது, கண்ணாடி பாட்டில். எங்கள் ஊரில் நடவுக்கு வரும் பெண்கள் செருப்பில்லாமல் முழங்கால் சேற்றில் பின்னோக்கி நடந்தபடியே நடுகிறார்கள். கால் எங்கே படுகிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து குடித்துவிட்டு யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் மடை வழியாக வயலுக்கு வந்து, என்னோடு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குதிகாலைப் பிளந்தது. தையல் போட்டு, அந்தக் குறுவைப் பருவம் முழுவதும் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதன் பிறகு கண்ணாடியில் எதைக் கொண்டுவந்தாலும், ஊறுகாய் ஜாடியாக இருந்தாலும், வண்டியிலேயே வைத்துவிடச் சொல்கிறேன்.

தோப்புக்குள் கூடாரம் எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். தென்னையை இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக வைத்திருப்போம். நாலு மரத்துக்கு நட்ட நடுவில் நின்றால் ஒவ்வொரு மரமும் பதினேழு பதினெட்டு அடி தள்ளியிருக்கும்; மட்டையும் தேங்காயும் விழாத இடம் அது ஒன்றுதான். மரத்தோடு ஒட்டி அடித்தால் நிழல் நன்றாக இருக்கும், ஆனால் இரவில் காய்ந்த மட்டை விழுந்தால் கூடாரத்துத் துணி தாங்காது. மாமரத்தடியில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று கிளையை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். படுகை ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்துப் படுகைகளில் வாழைத்தோட்டங்கள் மூழ்கியதைப் பார்த்தவள் நான். ஆற்றில் நிறைய தண்ணீர் போகும் வாரங்களில் எங்கள் படுகையிலும் யாரையும் தங்க விடமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து:

எங்கள் பக்கத்தில் பலரும் முதலில் கேட்பது வடுவூர் ஏரியைத்தான். மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிறைந்தபின் கார்த்திகை தொடங்கித் தை வரை பறவைகள் நிறைந்திருக்கும். 2022இல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அது சரணாலயம், கரையில் கூடாரம் அடிப்பதையோ பாட்டு வைப்பதையோ நினைக்கவே கூடாது. இரவு மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ விடுதியில் தங்கிவிட்டு, பொழுது புலரும் நேரத்தில் ஏரிக்குப் போய்விடுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரைக்கும் இதுவேதான்: வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வயல்களில் கிடை போட, அதாவது உரத்துக்காக இரவில் ஆடுகளை வயலில் அடைக்க, வருவார்கள். சித்திரை மாதத்தில் வெண்ணாற்றுப் பக்கம் நானும் என் தம்பியும் இடம் தேடி அலைந்தபோது ஒரு கீதாரியைப் பார்த்துக் கேட்டோம். அவர் பதில் சொல்வதற்கு முன்பு கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொடித்துப் பார்த்தார். பிறகு, கிடைக்குக் காற்று வரும் பக்கமாக, எறும்புப் புற்று இல்லாத ஒரு மேட்டைக் காட்டி, மாடு மேய வரும் தடத்திலிருந்து இவ்வளவு தள்ளிப் படுங்கள் என்று கோலால் கோடு கிழித்தார். நேற்றுக் கிடை கிடந்த வயல் மெத்து மெத்தென்று இருக்கும், அதில் படுத்தால் உண்ணி ஏறும் என்று அவர் எச்சரித்ததை இங்கே சொல்லிவைக்கிறேன். பல தலைமுறையாகத் திறந்த வெளியில் தூங்குகிறவர்கள் அவர்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வரப்பில் இருட்டில் நடப்பவர்களுக்கு இன்னொன்று. எலி பிடிக்க மூங்கில் வில்லில் கயிறு பூட்டிய தஞ்சாவூர்க் கிட்டிகளை மாலையில் வயல் நெடுக வைத்துவிட்டுக் காலையில்தான் எடுப்பார்கள். அதில் கால் பட்டால் உங்களுக்கு வலி, கிட்டி வைத்தவருக்கு நட்டம். கிட்டியாவது பரவாயில்லை, எலிக்கும் பன்றிக்கும் மின்கம்பி இழுப்பது சட்டப்படி குற்றமாக இருந்தும் சிலர் இழுக்கிறார்கள், அதில் உயிர்கள் போயிருக்கின்றன. நில உடையவரிடம் கேட்காமல் எந்த வயலுக்குள்ளும் இரவில் இறங்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து:

நான் செவிலியர். டெல்டா வயல்களில் எலி இருப்பதால் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இருக்கின்றன. தரையில் படுப்பவர்கள் கட்டுவிரியனைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். அது இரவில் வரும். கடித்தால் வலி தெரியாது. கடிவாயில் வீக்கமும் பெரும்பாலும் இராது. மோட்டார் கொட்டகையில் பாயில் படுத்திருந்த ஓர் இளைஞரை விடியற்காலையில் வயிற்று வலி என்றுதான் அழைத்து வந்தார்கள். இமைகள் தொங்கியிருந்ததைப் பார்த்தபிறகே எங்களுக்குப் புரிந்தது. விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுத்து அவர் பிழைத்தார். அடிப்பாகமும் சேர்த்துத் தைத்த, ஜிப்பை முழுவதும் மூடக்கூடிய கூடாரம் வாங்குங்கள். காரணம் தெரியாத வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் கட்டுப் போட்டு நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். இடம் பார்க்கும்போதே அங்கிருந்து ஆம்புலன்ஸ் வரக்கூடிய சாலை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள்.

அணைக்கரையிலும் அதற்குக் கீழேயும் கொள்ளிடத்தில் முதலைகள் இருப்பதைக் கரையோர மக்கள் எல்லோரும் அறிவார்கள். அங்கே கரையோரம் தங்குவதோ அந்தி நேரத்தில் தண்ணீரில் இறங்குவதோ வேண்டாம்.

உறையூரிலிருந்து:

திருவையாற்று அம்மாவுக்கு வணக்கம். உளுந்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் அந்தச் செடியைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு உங்கள் தோப்பில் தங்கலாமா? பெரியவர்கள் நால்வர், குழந்தைகள் மூவர். அடுப்புக்கு எரிவாயு கொண்டு வருகிறோம், விறகு பொறுக்க மாட்டோம்.

திருவையாற்றிலிருந்து:

தாராளமாக வாருங்கள் தம்பி. மாசியில் மேட்டூர் மூடியிருக்கும், ஆறு வற்றியிருக்கும், அதனால் படுகையைப் பற்றிக் கவலை இல்லை. பனி இறங்குவதால் மேல்துணி ஒன்று கூடுதலாகக் கொண்டு வாருங்கள். காலையில் கூடாரம் நனைந்திருக்கும், வெயில் ஏறிக் காயும் வரை மடிக்காதீர்கள். உளுந்து அப்போது பூ விடும் பருவத்தில் இருக்கும். மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம். கும்பகோணம் சாலை முழுக்க வண்டியாக இருக்கும். வருவதற்கு முதல் நாள் தகவல் சொன்னால், மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது என்று கேட்டுச் சொல்கிறேன், பிள்ளைகள் தொட்டியில் குளிக்கலாம்.