‘மாற்றுத்திறன் விழிப்புணர்வு’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

மருத்துவ மாணவர்களுக்கான ‘டிசபிலிட்டி அவேர்னஸ்’ வகுப்புக்குத் தாங்கள் முன்மொழிந்த ‘மாற்றுத்திறன் விழிப்புணர்வு’ என்னும் தொடரை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. தஞ்சையிலும் திருவாரூரிலும் மருத்துவமனைச் சுவர்களில் நாம் படிப்பவை டெங்கு விழிப்புணர்வு, எய்ட்ஸ் விழிப்புணர்வு போன்றவையே. வராமல் காத்துக்கொள்ள வேண்டியவற்றோடு ஒட்டிப் பழகிய அச்சொல்லை இங்கும் வைத்தால், முதலாண்டு மாணவர் எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரையே தடுக்கப்பட வேண்டிய நோயாகக் கருதக்கூடும்.

‘மாற்றுத்திறனாளி’ ஆளைக் குறிக்க நல்ல சொல். நிலையைக் குறிக்க அதன் பகுதி உதவுவதில்லை. ‘விபத்தில் இவருக்கு மாற்றுத்திறன் ஏற்பட்டது’ என்று எந்த மருத்துவரும் நோயாளிக் குறிப்பில் எழுதமாட்டார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்ததைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது அதன் வரையறை: நெடுநாள் குறைபாடு உள்ள ஒருவர், புறத்தே உள்ள தடைகளோடு மோதும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகிறார் என்பதே அதன் சாரம். மருத்துவர், செவிலியர் படிப்புகளில் இப்பொருளைச் சேர்க்கவேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு. நம் பக்கத்து உழவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கடைமடையில் பயிர் காய்ந்தால் அவர் வயலைக் குறை சொல்லமாட்டார். வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கப் போவார்.

சென்ற ஆண்டு, கும்பகோணம் பக்கத்திலிருந்து காது கேளாத நெசவாளர் ஒருவர் வந்திருந்தார். என் மாணவர் அவரிடம் ஒன்றும் கேட்காமல், உடன் வந்த தம்பியிடமே எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். நெசவாளரின் சட்டைப்பையில் பேனா இருந்தது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவரும்கூட. செவி நரம்பின் பாதையைப் பிழையின்றி ஒப்பிக்கக்கூடிய அம்மாணவருக்கு, தம் முகக்கவசம்தான் அங்கே தடை என்பது தோன்றவேயில்லை.

ஆகவே ‘தடையறிதல்’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ‘தடையறிதல் பயிற்சி’, ‘தடையறிந்த மருத்துவர்’ என்று அது இயல்பாகவே விரிகிறது. தடை என்றவுடன் தடையுத்தரவு நினைவுக்கு வருமே என்று தாங்கள் கேட்கலாம். ஆனால் தடை தாண்டும் ஓட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு முதலிய பெயர்களில் கைவைக்க வேண்டியதில்லை, பாடத்தின் பெயர் மட்டும் மாறினால் போதும். ‘தடையுணர்தல்’ என்றும் எண்ணிப் பார்த்தேன், ஒலிநயம் அதில் கூடுதல்தான். எனினும் உணர்ந்தாரா என்பதற்கு மதிப்பெண் இடுவது தேர்வாளனாகிய என்னால் ஆகாத காரியம். முகக்கவசத்தைக் கழற்றினாரா, பேனாவை நீட்டினாரா என்று பார்த்து மதிப்பெண் இடமுடியும்.