மாரத்தானுக்கு 3 வாரம் இருக்கு, விட்டுப்போன லாங் ரன்னை இப்போ ஓடலாமா?

ஐந்துநாற்பத்தொன்று:
முதல் மாரத்தான். இலக்கு 4 மணி நேரத்துக்குள், அதாவது கிலோமீட்டருக்கு 5:41. வாரத்துக்கு 5 நாள் ஓட்டம், உச்ச வாரம் 70 கி.மீ. நேற்று ஞாயிறு 32 கி.மீ. முடிந்தது. ஆனால் நடுவில் காய்ச்சலால் இரண்டு லாங் ரன் (வாரம் ஒருமுறை ஓடும் நீண்ட தூர ஓட்டம்) போச்சு. அடுத்த ஞாயிறு இன்னொரு 30 ஓடி ஈடுகட்டலாமா? டேப்பரை (ரேஸுக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் காலம்) இரண்டு வாரமாகச் சுருக்கினால் போதாதா? எடை 65 கிலோ.

மெதுநடை:
வேண்டாம். ஒரு லாங் ரன்னோட பலன் உடம்பில் சேர 10 நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகும். 14 நாளுக்கு முன்னால் 30 ஓடினால் பலன் முழுசா வந்து சேரும் முன்பே ரேஸ் வந்துடலாம். தசைச் சேதம்தான் கையில் நிற்கும். வாரம் 120, 130 கி.மீ. ஓடுறவங்களுக்கு அது தாங்கும். 70-க்கு இரண்டு வார இடைவெளி பெரும்பாலும் பத்தாது. போன லாங் ரன் போனதுதான்.

டேப்பரில் குறைக்க வேண்டியது தூரத்தை மட்டும். நிறைய பேர் வேகத்தையும் சேர்த்துக் குறைச்சிட்டு, எல்லா நாளும் ஆமை வேகத்தில் ஓடுவாங்க. அப்புறம் ரேஸ் அன்னிக்கு 5:41 அந்நியமா இருக்கும். முழுசா ஓய்வு எடுத்தாலும் சிக்கல்: சில நாளிலேயே ரத்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) அளவு குறைய ஆரம்பிக்கும், அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறும்.

உங்க கணக்குக்கு:

இந்த வாரம் மொத்தம் 54 கி.மீ. இன்டர்வல் (வேகமா ஓடி, இடையில் இளைப்பாறும் பயிற்சி) உண்டு, ஆனா 1 கி.மீ. ஐந்து முறைக்குப் பதில் நாலு. ஞாயிறு 20, நிதானமாக.

அடுத்த வாரம் 42. செவ்வாய் 8, புதன் 10 (அதில் 6 கி.மீ. 5:41-ல்), வெள்ளி 6, சனி 4, ஞாயிறு 14.

ரேஸ் வாரம்: திங்கள் 5, செவ்வாய் 8 (நடுவில் 3 கி.மீ. ரேஸ் பேஸ், அதாவது 5:41), வியாழன் 5, கடைசியில் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ் (வேகத்தைக் கூட்டும் குட்டி ஓட்டம்) நாலு. வெள்ளி ஓய்வு. சனி 3 கி.மீ. ஞாயிறு ரேஸோட சேர்த்து அதே ஐந்து நாள்.

ஜிம் போறவரா இருந்தா, கால்களுக்கான கனமான எடைகளை ரேஸுக்கு 10 நாள் முன்னாடியே நிறுத்திடுங்க.

கடைசிக்குழு:
மேலே சொன்னதில் சனிக்கிழமை 3 கி.மீ. மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளி 3, சனி முழு ஓய்வுன்னு மாத்தினால் முதல்முறை ஓடுறவங்களுக்கு ஒன்றும் குறையாது. முந்தின நாள் ஓட்டம் பதற்றத்தைத் தணிக்கத்தான். உடல்தகுதியை அது கூட்டாது.

இரண்டாவது வாரத்தில் கால் கனக்கும், எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். பயப்படாதீங்க. சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமிக்கும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடிச்சு வைக்கும். அதைப் பார்த்து சாப்பாட்டைக் குறைக்கிறதுதான் மோசமான வேலை.

புதுசு புதுசா வலியும் வரும். இன்னிக்கு முழங்கால், நாளைக்கு குதிகால்னு இடம் மாறினால் விட்டுடுங்க. ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்ட முடிஞ்சு, ஓட ஓட ஏறி, ஓடும் விதத்தையே மாத்தினால் அது நிஜ வலி. உடனே நிறுத்தி பிசியோகிட்ட காட்டுங்க. மாத்திரை போட்டு ரேஸ் ஓடுற யோசனையே கூடாது. இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல்.

ஐந்துநாற்பத்தொன்று:
நன்றி, 30-ஐ விட்டாச்சு. கார்போ லோடிங் (ரேஸுக்கு முன் மாவுச்சத்தை அதிகம் சாப்பிடுறது) எப்போ ஆரம்பிக்கணும்? சனி ராத்திரி வயிறு முட்ட சாப்பிட்டால் போதுமா?

மாவுக்கணக்கு:
சனி ராத்திரி ரொம்ப லேட். அப்படிச் சாப்பிட்டால் காலையில் கழிவறை வரிசையில்தான் நிப்பீங்க. வெள்ளி காலையிலிருந்து ஆரம்பிங்க. கிலோ எடைக்கு நாளுக்கு 10 கிராம் மாவுச்சத்து, உங்களுக்கு 650 கிராம். வெறும் சோற்றில் இதை எட்ட 2 கிலோவுக்கு மேல் சாதம் வேணும், யாராலும் முடியாது. அதனால பாதியை ஜூஸ், தேன், ஜாம், வாழைப்பழம்னு பிரிச்சுக்கோங்க. 8 கிராம்தான் இறங்குதுன்னா அதுவும் பரவாயில்லை. எண்ணெயும் நார்ச்சத்தும் குறையணும், இல்லேன்னா இடம் பத்தாது. சனிக்கிழமை பெரிய சாப்பாடு மதியம். ராத்திரி அளவா, சீக்கிரமா.

ரேஸ் காலை, ரேஸ் தொடங்குறதுக்கு 3 மணி நேரம் முன்னாடி 130 கிராம் அளவு மாவுச்சத்து. ஓடும்போது மணிக்கு 60 கிராம் வரை. லாங் ரன்னில் பழகின அதே ஜெல் (ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்துப் பசை).

தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிச்சுத் தீர்க்காதீங்க, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா போதும்.

மெதுநடை:
சனி ஓட்டம் பற்றி: கடைசிக்குழு சொன்ன மாதிரியே மாத்திக்கலாம், இரண்டும் சரி. இன்னொன்று, சனி ராத்திரி தூக்கம் பெரும்பாலும் வராது. அதனால வியாழன், வெள்ளி ராத்திரிகளில் ஒரு மணி நேரம் கூடுதலா தூங்குங்க. கால் நகத்தை புதன்கிழமையே வெட்டிடுங்க. தப்பா வெட்டினாலும் ஆற நாள் இருக்கும்.