புதுப்பிப்பு: ஓப்பன்எம்ஆர்எஸ் மாட்யூலில் வந்த கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறமூல மருத்துவப் பதிவு மென்பொருளில் ஆய்வக முடிவுகளைக் காட்டும் எங்கள் மாட்யூலில், ஒரு அப்சர்வேஷனின் (நோயாளிக்குப் பதிவான ஒரு முடிவு) கான்செப்டை (அந்த முடிவு எதைப் பற்றியது என்று சொல்லும் அகராதிப் பதிவு) கான்செப்ட்நியூமெரிக்காக (எண் முடிவுகளுக்கான வகுப்பு) காஸ்ட் செய்தால், அதாவது அந்த வகையாக மாற்றிப் பயன்படுத்தினால், சில பக்கங்களில் மட்டும் வகை பொருந்தவில்லை என்ற இந்தப் பிழை வந்தது.

கேஷைத் துடைத்தும் பார்த்தோம், ஜாவா பதிப்பை மாற்றியும் பார்த்தோம். பயனில்லை. பதில்களில் ஹைபர்நேட் (டேட்டாபேஸ் பதிவுகளை ஜாவா ஆப்ஜெக்டுகளாகத் தரும் நூலகம்) ப்ராக்ஸியை, அதாவது உண்மையான ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நிற்கும் பதிலியைச் சந்தேகித்தவர் சொன்னதுதான் சரி. கான்செப்ட்நியூமெரிக் என்பது கான்செப்டின் துணை வகுப்பு. லேசி லோடிங்கில் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுக்கும் முறை) ஹைபர்நேட் தருவதோ தாய் வகுப்பை நீட்டித்த ப்ராக்ஸி. அதைத் துணை வகுப்பாக காஸ்ட் செய்ய முடியாது. அந்த கான்செப்ட் முன்பே முழுதாக லோட் ஆகியிருந்தால் பிழையே வராது. அதனால்தான் சில பக்கங்கள் தப்பின. வேடிக்கை என்னவென்றால், இஸ்நியூமெரிக் மெத்தடை அழைத்தால் அதே ப்ராக்ஸி 'ஆம்' என்கிறது. வகுப்பைச் சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டால் 'இல்லை' என்கிறது!

காஸ்டை நீக்கிவிட்டு, கான்செப்ட் சர்வீஸின் கெட்கான்செப்ட்நியூமெரிக்கை ஐடி கொடுத்து அழைத்தோம். சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: அடுத்து நல்பாயின்டர் (மதிப்பே இல்லாததைப் பயன்படுத்தும்போது வரும் பிழை) வந்தது. இயல்பு எல்லைகள் பெரிய எழுத்து டபுள் (Double) வகை, அதாவது நல் (மதிப்பில்லாமை) ஆகவும் இருக்கலாம்; அகராதியில் நிரப்பாவிட்டால் நல். ஒப்பிடும் முன் சோதியுங்கள்.

இன்னொன்று, நாங்கள் ஓட்டும் பழைய பதிப்பில் ஒரு கான்செப்டுக்கு ஒரே எல்லைதான். ஹீமோகுளோபினுக்கு அது போதாது: ரத்தசோகை என்று கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைவு. இந்தத் தனித்தனி எல்லைகளை மாட்யூலிலேயே தனி வகுப்பாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.