"வீட்டில் சொல்லிவிட்டால் முடிந்ததே?": இந்திக் குடும்பப் படங்களில் கடமை, தள்ளிப்போகும் காதல்

திரைவாசி (கேள்வி):

இந்தியில் ஒரு இரண்டு மணி நேரப் படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். களம் கான்பூர். தபால் துறையில் இருந்த அப்பா இறந்துபோகிறார். மூத்த மகள் வேலைக்குப் போய், தம்பியைப் படிக்கவைத்து, தங்கைக்குக் கல்யாணம் முடிக்கிறாள். அவளை விரும்புகிறவன் ஐந்து வருடம் காத்திருக்கிறான். படித்துப் பார்த்த எல்லோரும் நாற்பதாவது பக்கத்தில் ஒரே கேள்வியில் நிற்கிறார்கள்: "வாயைத் திறந்து வீட்டில் சொன்னால் முடிந்ததே, ஏன் சொல்லவில்லை?" ராஜ்ஸ்ரீ, யஷ்ராஜ் நிறுவனங்களின் குடும்பப் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. காலம் மாறிவிட்டது என்ற பதில் எனக்கு உதவாது. திரைக்கதையில் என்ன செய்து அதை நிறுத்தினார்கள்?

மூன்றாம் வரிசை:

அந்தக் கேள்வி அங்கேயும் வரும். வரும் நேரத்துக்குள் வாயை அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தைப் பாட்டுகளை ஓட்டிவிட்டு, கதையை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ப்ரேமும் நிஷாவும் விரும்புவது பூஜாவுக்குத் தெரிகிறது; அவள் ப்ரேமுக்கு அண்ணி, நிஷாவுக்கு அக்கா. பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் அவள்தான். தங்கைக்குச் சங்கிலி போட்டு வாக்கும் கொடுக்கிறாள். யாரிடமும் சொல்லும் முன்பே படியில் விழுந்து இறந்துபோகிறாள். கையில் பால் மறக்காத குழந்தை. பெரியவர்கள் கூடி, குழந்தைக்குச் சித்தியே தாயாகட்டும் என்று நிஷாவை பூஜாவின் கணவன் ராஜேஷுக்குப் பேசுகிறார்கள். ப்ரேமுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அவள் சம்மதம் சொல்லிவிடுகிறாள். உண்மை அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

சாட்சி போகிறது, தேவை பிறக்கிறது, சம்மதம் வருகிறது, கடைசியில்தான் உண்மை. இந்த வரிசையில் ஒன்றை மாற்றினாலும் படம் விழும். சம்மதத்துக்கு முன் நிஷாவுக்கு உண்மை தெரிந்திருந்தால் நீங்கள் சொன்ன அதே கேள்வி தியேட்டரில் எழுந்திருக்கும். இப்போதோ, பேசினால் மனைவியை இழந்த அண்ணனிடமிருந்து இரண்டாவது முறை பறித்ததாக ஆகும், குழந்தையும் தாயில்லாமல் நிற்கும். தடுக்கிறவர் என்று ஒருவரைக் கைகாட்டவும் முடியாது, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இதே முடிச்சை ராஜ்ஸ்ரீயே 1982-ல் 'நதியா கே பார்' படத்தில் கிராமத்தில் வைத்துப் போட்டிருந்தது.

அவிழ்க்கும் இடத்தையும் கவனியுங்கள். நாயிடம் கொடுத்த கடிதம் ப்ரேமிடம் போகாமல் ராஜேஷிடம் போகிறது. அந்தத் தியாகத்தால் பயனடையப் போகிறவர் அவர்தான். அவரே வேண்டாம் என்று சொல்வதால் காதலர்கள் கடமையை மீறியவர்களாக ஆகவில்லை.

உங்கள் கதையில் தம்பி படிப்பு பூட்டே ஆகாது. கல்யாணம் ஆன பிறகும் ஃபீஸ் கட்டலாமே. கல்யாணம் செய்துகொண்டாலே கடமை உடையும் என்ற நிலை வேண்டும்.

தபால்பெட்டி:

அந்தப் பூட்டு உங்கள் கதைக்குள்ளேயே இருக்கிறது. பணியில் இருந்த அப்பா இறந்தார் என்றால் மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்ததாக வைக்கலாம். மத்திய அரசு விதிப்படி அந்த வேலையில் சேருகிறவர், இறந்தவரை நம்பியிருந்த மற்றவர்களைக் காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, வேலையை விட்டே நீக்கலாம். கல்யாணம் செய்யக்கூடாது என்று அதில் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் அந்த உறுதி அவளைக் கட்டும். "சம்பளம் பிறந்த வீட்டுக்குத்தான் போகுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்கும் ஒரு வரியிலேயே முடிச்சு விழுந்துவிடும். கடமை அங்கே அவள் கையெழுத்தாக மேஜைமேல் கிடக்கிறது.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருமே என்று அரசு வேலை பற்றித் தெரிந்த எவரும் கேட்பார்கள். அதை மறைக்காதீர்கள். அந்தத் தொகை எங்கே போகிறது, வீட்டுக் கடனா, கோச்சிங் நகரமான ராஜஸ்தானின் கோட்டாவில் தம்பியின் கட்டணமா என்று ஒரு காட்சியில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

தாமதத்துக்குக் காலண்டரும் இருக்கிறது. தேவ்ஷயனி ஏகாதசியிலிருந்து தேவ்உடனி ஏகாதசி வரை ஏறக்குறைய நான்கு மாதம் அங்கே முகூர்த்தம் கிடையாது. டிசம்பர் நடுவிலிருந்து மகர சங்கராந்தி வரை கர்மாஸ், நம் மார்கழிக்கு ஈடு. தங்கை கல்யாணம் தேவ்உடனிக்குப் பிறகுதான் என்றால் பார்க்கிறவருக்கு அது பழகிய காத்திருப்பு, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

சடங்குகளையும் படிக்கட்டாக வையுங்கள். ரோகாவோடு, அதாவது சம்பந்தம் பேசி முடிப்பதோடு, நின்றால் பேச்சை மெல்ல வாபஸ் வாங்கலாம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்கும் திலக் முடிந்தால் பணமும் பொருளும் கை மாறியிருக்கும். அழைப்பிதழ் போய்விட்டால் ஊருக்கே தெரியும். பாராத், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம், வாசலில் நிற்கும்போது வாய் திறந்தால் இரண்டு வீட்டு மானமும் போகும். எந்தப் படியில் அவள் பேச முயன்று நிறுத்துகிறாள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு காட்சி எழுதுங்கள்.

கீரவாணி:

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் உங்கள் படத்தின் நோய் வேறு என்று நினைக்கிறேன். காத்திருக்கிறவனுக்கு வேலையே இல்லை.

1989-ன் 'மைனே ப்யார் கியா'வில் பெண்ணின் அப்பா கேட்பது ஒரு மாதத்தில் 2,000 ரூபாய், அதுவும் சொந்த உழைப்பில். எவ்வளவு, எத்தனை நாள் என்று நமக்குத் தெரிவதால் அவன் கல்குவாரியில் வியர்ப்பதைப் பதற்றத்தோடு பார்க்கிறோம். 1995-ன் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'யில் நாயகி சிம்ரனின் அம்மாவே நகையைக் கொடுத்து ஓடிப்போகச் சொல்லியும், அவள் அப்பா கையால் கொடுத்தால்தான் என்று காதலன் ராஜ் மறுக்கிறான். பின்னால் வந்த பலர் அந்தச் சபதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்கள். ராஜ் அந்த வீட்டில் ஒவ்வொருவராகப் பிடிக்கிறான், விடியற்காலையில் அவள் அப்பா பல்தேவ் சிங்கோடு நின்று புறாவுக்குத் தானியம் போடுவது உட்பட. ஒவ்வொரு காட்சியிலும் அந்த வீட்டில் ஒரு ஆள் அவன் பக்கம் வருகிறார், ஒருவரைத் தவிர. அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு: சிம்ரனின் வாழ்க்கையை முடிவு செய்யும் உரிமை கடைசிவரை ஆண்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் நாயகி சம்பாதிக்கிறவள், அந்தத் தவறு வேண்டாம்.

பேசாமல் இருப்பதுதான் தாமதம் என்றும் நினைக்காதீர்கள். 2023-ல் வந்த 'ராக்கி ஔர் ராணி கீ ப்ரேம் கஹானி'யில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். காதலர்கள் வீடு மாறி இருக்கிறார்கள், மூன்று மாதம் அவன் அவள் வீட்டில், அவள் அவன் வீட்டில். அந்தக் கெடுவே கதையை நகர்த்துகிறது.

இன்னொரு வழியை நம் ஆட்களே காட்டியிருக்கிறார்கள். பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' 1981-ல் வந்து, 1983-ல் பாபு இயக்கத்தில் இந்தியில் 'வோ சாத் தின்' ஆனது. நோயாளித் தாய்க்காகத் தாலி கட்டிய டாக்டரே மனைவியைக் காதலனிடம் சேர்க்கத் தேடுகிறார். 1999-ன் 'ஹம் தில் தே சுக்கே சனம்' படத்திலும் கணவன் அதையே செய்கிறான். அங்கே காதலன் விலகிய காரணம் இன்னும் அழுத்தமானது: சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் குருதட்சிணையாகவே அவனைப் போகச் சொல்கிறார். கடமை என்று வசனம் பேசாமல், மறுக்கவே முடியாத ஒரு ஆளின் வாயில் அதை வைக்கிறார்கள். உங்கள் அம்மா பாத்திரத்துக்கு அப்படி ஒரு வரி இருக்கிறதா?

திரைவாசி:

இல்லை, அம்மா இரண்டு இடத்தில் அழுகிறார், அவ்வளவுதான். கருணைப் பணி உறுதிமொழி எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஐந்து வருடத்தை எப்படிச் சுருக்குவது? முடிவில் விடுவிப்பது அம்மாவா, தம்பியா?

மூன்றாம் வரிசை:

தம்பி. படித்ததும் அவன், பயனடைந்ததும் அவன். ஆனால் வேலை கிடைத்ததும் வந்து "அக்கா, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் வசனமாகத்தான் நிற்கும். உறுதிமொழிக் கடிதத்தின் நகலை அவனே ஏதோ சான்றிதழ் தேடும்போது பார்க்கட்டும், அதுவும் இன்டர்வெலுக்குப் பிறகு. அதுவரை அவனுக்கு அக்கா விருப்பப்பட்டு வேலைக்குப் போகிறவள்.

ஐந்து வருடத்தில் நாலு வருடம் நாலு மாதத்தை ஒரே பாட்டில் கடத்திவிடுங்கள். தேவ்உடனிக்கு முன்னால் உள்ள கடைசி எட்டு மாதத்தை மட்டும் காட்சிகளாக எழுதுங்கள். அந்தப் பாட்டுக்குள் கடன் பாஸ்புக்கில் மீதித் தொகை மூன்று முறை தெரியட்டும், ஒவ்வொரு முறையும் குறைந்து. அம்மாவின் அழுகையில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரவாணி கேட்ட வரியை வையுங்கள்.