இரண்டரை வயது, பேச்சு வரவில்லை, மதுரையில் எங்கே காட்டுவது?

திருமங்கலத்துக்காரி: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்புவதில்லை, ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடி வந்துவிடுகிறான். பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தையே அரைமணி நேரம் சுற்றுகிறான். மாமியார், "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், சும்மா இரு" என்கிறார். காத்திருக்கலாமா?

மேலூர் அப்பா: வேண்டாம். அப்படிக் கேட்டே நாங்கள் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தோம். பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். காதுப் பரிசோதனை சொல்வார்கள், பிஸ்கட் சத்தம்தான் கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இது ஆட்டிசமா (பேசுவதும் பழகுவதும் மற்ற பிள்ளைகளிலிருந்து வேறுபடும் வளர்ச்சி நிலை) என்றும் பார்ப்பார்கள். அதை ரத்தத்திலோ ஸ்கேனிலோ கண்டுபிடிப்பதில்லை, பிள்ளையைக் கவனித்து, உங்களிடம் கேட்டுத்தான் சொல்வார்கள். அதனால் அந்தச் சக்கரம் சுற்றுவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் சமர்த்தாக உட்கார்ந்துவிடுவான் (என் மகன் அப்படித்தான் மானத்தை வாங்கினான்).

அண்ணாநகர்வாசி: என் மகளுக்கு ஆட்டிசமா என்று பார்க்கக் கேட்ட கேள்விகளில் பாதி எனக்கும் பொருந்தியது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காதைப் பொத்தி அழுததற்கு எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். 36 வயதில் எனக்காகவே கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் (உளவியல் நிபுணர்) போனேன். சின்ன வயதுக் கதை கேட்பார்கள் என்று அம்மாவையும் கூட்டிப் போனேன்.

திருமங்கலத்துக்காரி: சரி, திங்கட்கிழமை போகிறோம். மாமியாரும் வருகிறாராம்!